கவசத்தைத் தேடியவன் வாத்தியத்தை எடுத்தது ஏன்? கூபோ படம் பற்றிய சந்தேகங்கள்

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள்ளேயே நாலு கேள்வி இருக்கிறது. படிக்கிறேன், கேளுங்கள்.

“அண்ணா, நீங்கள் சொன்னீர்களே என்று கூபோ அண்ட் த டூ ஸ்ட்ரிங்ஸ் படத்தைப் பார்த்தேன். சாமுராய், மந்திர வாள், கவசம் எல்லாம் இருக்கிறது என்று ஆசையாக உட்கார்ந்தேன். படம் முழுக்க அந்தக் கவசத்தைத் தேடி அலைகிறான், கடைசிச் சண்டையில் அதையே கழற்றிப் போட்டுவிட்டு வாத்தியத்தைக் கையில் எடுக்கிறான். இது ஏமாற்று வேலை இல்லையா? அப்புறம் அத்தனை அட்டூழியம் செய்த தாத்தாவுக்கு நினைவு போனதும், ஊரே கூடி நீங்கள் ரொம்ப நல்லவர் என்று பொய் சொல்கிறது, அது எந்த ஊர் நியாயம்? இன்னொன்று, இது நிஜமாகவே பொம்மையை வைத்து எடுத்ததா, கம்ப்யூட்டரா? என் பையனுக்கு ஏழு வயசு, அவனுக்குக் காட்டலாமா?”

நல்ல கேள்விகள். முதல் இரண்டும் பார்க்கத்தான் தனித்தனி, உண்மையில் இரண்டும் ஒரே கேள்வி என்று நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், முடிவு வரை எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

பார்த்து ரொம்ப நாள் ஆனவர்களுக்காகக் கதையை ஓட்டிவிடுகிறேன். 2016இல் வந்த படம். எடுத்தது லைக்கா, நம்ம ஊர்ப் படங்களுக்கு முன்னால் பெயர் போடும் லைக்கா இல்லை, அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் பொம்மைப்பட ஸ்டூடியோ. இயக்கியவர் டிராவிஸ் நைட், அவருக்கு இதுதான் முதல் படம். கதை நடப்பது சாமுராய்களும் கோட்டைகளும் இருந்த பழைய ஜப்பானில், எந்த வருஷம் என்று எங்கேயும் சொல்வதில்லை. கூபோ ஒற்றைக் கண் பையன். இன்னொரு கண்ணைப் பிடுங்கியது அவனுடைய சொந்தத் தாத்தா, நிலவின் அரசன். அப்பா ஹான்சோ பெரிய சாமுராய், இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்க்கிறார்கள். ஹான்சோ என்றதும் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்தலைவர் தொகுகாவா இயேயாசுவிடம் இருந்த சாமுராய் ஹத்தோரி ஹான்சோ சிலருக்கு நினைவு வரும், பெயர் மட்டும்தான் ஒன்று, கதை அவருடையது இல்லை. அம்மா மலைமேல் ஒரு குகையில் மகனை ஒளித்து வைத்து வளர்க்கிறாள். இருட்டிய பிறகு வெளியே இருக்கக்கூடாது, இருந்தால் தாத்தா கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாள் இருக்கிறான், கண்டுபிடித்துவிடுகிறார்கள். அம்மா தன்னிடம் மிச்சம் இருந்த மந்திரத்தையெல்லாம் போட்டு அவனைத் தப்பிக்க வைக்கிறாள். அப்புறம் ஒரு குரங்கு, ஒரு வண்டு மனிதன், இவர்களோடு அப்பாவின் உடையாத வாள், துளைக்க முடியாத மார்புக் கவசம், அசைக்க முடியாத தலைக்கவசம், மூன்றையும் தேடிப் பயணம்.

இப்போது முதல் சந்தேகம். கவசத்தை ஏன் கழற்றினான்?

தம்பி, படத்தின் முதல் காட்சியை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். நடுக்கடல், புயல், சின்னப் படகில் ஒரு பெண். மலை மாதிரி அலை எழுந்து வருகிறது. அவள் கையில் வாள் இல்லை, ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியம் இருக்கிறது. அதன் நரம்பை ஒரே ஒரு தடவை தட்டுகிறாள், அலை இரண்டாகப் பிளக்கிறது. இந்தக் கதையில் எது ஆயுதம் என்று முதல் இரண்டு நிமிஷத்திலேயே காட்டிவிட்டார்கள். நாம்தான் சாமுராய் படம் என்றால் வாள்தான் கடைசிக் கணக்கைத் தீர்க்கும் என்ற பழக்கத்தில் அதை மறந்துவிட்டு, கூபோவோடு சேர்ந்து கவசத்தின் பின்னால் ஓடுகிறோம். அவனும் அப்படித்தான் ஓடுகிறான், பாவம், அப்பாவின் கவசம் கிடைத்தால் அப்பாவே கிடைத்த மாதிரி அவனுக்கு.

அந்த மூன்று பொருளும் கிடைக்கும் விதத்தையும் பாருங்கள். வாள் ஒரு பிரம்மாண்ட எலும்புக்கூட்டின் மண்டையில் குத்தி நிற்கிறது, அதுவும் ஒன்று இல்லை, ஒரு கத்தைப் போலி வாள்களுக்கு நடுவில், பிடுங்கப் பிடுங்க உடைகிறது. மார்புக் கவசம் ஏரிக்கு அடியில், அதை எடுக்கப் போய் உயிர் போகப் பார்க்கிறது. தலைக்கவசம்? அது கூபோவின் சொந்த ஊரிலேயே தொங்குகிறது, மாலையில் அடிக்கும் அதே மணி. தினமும் சந்தையில் கதை சொல்லிக்கொண்டிருப்பான், கதை உச்சத்துக்கு வரும்போது அந்த மணி அடிக்கும், பாதியில் விட்டுவிட்டு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான், அதனால்தான் அவன் கதை ஒரு நாளும் முடிந்ததே இல்லை. அவனை ஓட வைத்த மணிதான் அவன் தேடிப்போன தலைக்கவசம். இதை எழுதியவர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

சரி, மூன்றையும் போட்டுக்கொண்டு தாத்தாவின் எதிரில் நிற்கிறான். தாத்தா முதலில் அடிக்கக்கூட இல்லை, பேசுகிறார். கீழே இருப்பது வலியும் சாவும் மட்டும்தான், அந்த இன்னொரு கண்ணையும் கொடுத்துவிட்டு மேலே வா, அங்கே சாவே கிடையாது என்கிறார். கவனியுங்கள், அவருக்கு வேண்டியது கூபோவின் உயிர் இல்லை, கண். அந்தக் கண் இருக்கும்வரை மனிதர்களைப் பார்ப்பான், பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் இருக்கும்வரை மேலே வரமாட்டான். இப்படி ஒரு பேச்சை எந்த மார்புக் கவசம் தடுக்கும்? அப்புறம் அவர் ஒரு ராட்சத மீன் மாதிரி மாறி அடிக்கும்போது கவசத்தோடு சேர்த்துப் பையனைத் தூக்கி எறிகிறார். அதற்குப் பிறகுதான் கழற்றுகிறான்.

இதில் எனக்கு ஜப்பானின் ஒரு பழங்கதை தெரிகிறது. மூங்கில் வெட்டுபவரின் கதை, பத்தாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். ஒரு கிழவர் மூங்கிலுக்குள் விரல் அளவு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்க்கிறார், அவள்தான் ககுயா இளவரசி, நிலவைச் சேர்ந்தவள். எட்டாம் மாதத்துப் பௌர்ணமி இரவில் நிலவுக்காரர்கள் அவளைத் திருப்பிக் கூட்டிப்போக வருகிறார்கள். மன்னர் படையையே காவலுக்கு அனுப்புகிறார், வில்லைத் தூக்கிய கை அப்படியே தளர்ந்துவிடுகிறது, ஒருவராலும் அம்பு விட முடியவில்லை. வந்தவர்கள் அவளுக்கு ஓர் இறகு ஆடையைப் போர்த்துகிறார்கள். அது மேலே பட்டதும் வளர்த்த அப்பா அம்மாமீது இருந்த பாசம், துக்கம், எல்லாம் போய்விடுகிறது, ஒரு சலனமும் இல்லாமல் ஏறிப் போய்விடுகிறாள். நிலவு என்றால் மறதி, பூமி என்றால் நினைவும் அழுகையும், அந்தக் கதையில் அப்படித்தான். கூபோவின் தாத்தா கொடுப்பதாகச் சொல்வதும் அதே இறகு ஆடைதான். இயக்குநர் இதை மனசில் வைத்துத்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் அந்தக் கதை தெரிந்த ஒருவருக்கு, நிலவிலிருந்து ஒருவர் கிளம்பி வருகிறார் என்றதுமே, அவர் பறிக்க வருவது உயிரை மட்டும் இல்லை என்று புரிந்துவிடும். படையாலும் ஆயுதத்தாலும் அவர்களை நிறுத்த முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

இப்போது வாத்தியத்துக்கு வருவோம். ஷாமிசெனுக்கு மூன்று நரம்பு, தலைப்பிலோ இரண்டு. பாழடைந்த கோட்டையில் நடக்கும் சண்டையில் கூபோ ஓங்கி அடித்ததில் நரம்புகள் அறுந்துபோகின்றன. ஊருக்குத் திரும்பும்போது அவன் கையில் இருப்பது அம்மாவின் ஒரு தலைமுடி, அதைக் கையில் காப்பு மாதிரிக் கட்டியிருக்கிறான், அப்புறம் அப்பாவின் வில்லில் இருந்த நாண். கல்லறைப் பக்கம் விழுந்து கிடக்கும்போது அந்த இரண்டையும் வாத்தியத்தில் பூட்டுகிறான். அதுதான் தலைப்பில் வரும் இரண்டு. மூன்றாவதாகத் தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கிக் கட்டுகிறான். அந்தக் காட்சியில் அவசரமே கிடையாது, எதிரில் அந்த மீன் நிற்கிறது, இவன் நிதானமாக நரம்பு கட்டுகிறான்.

ஷாமிசென் ஜப்பானுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில், சீனாவின் மூன்று நரம்பு வாத்தியம் ரியூக்யூ தீவுகளுக்குப் போய், அங்கிருந்து சகாய் துறைமுகம் வழியாக. ரியூக்யூவில் பாம்புத் தோல் போர்த்துவார்கள், ஜப்பானில் பூனைத் தோலும் நாய்த் தோலும் போட்டார்கள், பட்டு நரம்பு, அகலமான ஒரு கட்டையால் தட்டி வாசிப்பது. சந்தையில் உட்கார்ந்து வாத்தியம் வாசித்துக் கதை சொல்லிக் காசு வாங்குவது அங்கே நிஜமாகவே ஒரு தொழில். அதற்கும் முந்தையது பீவா என்ற வாத்தியம், அதைத் தூக்கிக்கொண்டு கண் தெரியாத துறவிகள் ஊர் ஊராகப் போய் ஹெய்கே குலத்தின் கதையைப் பாடினார்கள், 1185இல் தன்னோஊரா கடற்போரில் அழிந்துபோன குலம் அது. அந்தப் பாட்டு பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சண்டையில் மாண்டவர்களின் ஆவியைச் சாந்தப்படுத்துவதும் அதன் வேலை. பின்னால் ஷாமிசென் எடுத்த கண் தெரியாத பெண் பாடகிகளும் உண்டு, கோசே என்பார்கள், பனிப் பிரதேசத்து ஊர்களில் கூட்டமாக நடந்து போய்ப் பாடியவர்கள்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், ஒற்றைக் கண் பையன் சந்தையில் உட்கார்ந்து ஒரு சாமுராயின் கதையை வாசிப்பது திடீரென்று வேறு மாதிரித் தெரியும். வாத்தியம் வாசித்து மாண்டவர்களிடம் பேசும் ஒரு பெரிய பரம்பரையின் கடைசிப் பிள்ளை மாதிரி இருக்கிறான். அதனால் முடிவு கல்லறையில் நடப்பதும், அங்கே அவன் எடுப்பது வாத்தியமாக இருப்பதும் எனக்கு ஏமாற்றாகப் படவில்லை, வேறெதை எடுத்திருந்தாலும்தான் ஏமாற்று.

கல்லறை என்றதும் அந்த விளக்குத் திருவிழாவையும் சொல்லியாக வேண்டும். ஓபோன். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் நடுவில், 13 முதல் 16 வரை, டோக்கியோ பக்கம் சில இடங்களில் ஜூலையில். இறந்தவர்கள் அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை, வரும்போது ஒரு தீ ஏற்றி வரவேற்பார்கள், போகும்போது ஒரு தீ ஏற்றி அனுப்புவார்கள். கியோத்தோவில் 16ஆம் தேதி இரவு ஐந்து மலைச் சரிவுகளில் பெரிய பெரிய வடிவங்களில் நெருப்பு எரிப்பது அப்படி வழியனுப்பத்தான், படத்தில் வருவது போல ஆற்றில் விளக்கு விடும் ஊர்களும் உண்டு. இதன் வேர் புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் பசிப் பேயாகக் கிடந்த தன் அம்மாவை மீட்ட கதையில் இருக்கிறது, இந்தியாவில் தொடங்கிய பௌத்தம் சீனா வழியாக அங்கே கொண்டு சேர்த்த கதை. பிள்ளை, இறந்த தாய், மீட்பு, எல்லாம் அதிலேயே இருக்கிறது பாருங்கள்.

கூபோ அன்றைக்கு இருட்டும்வரை கல்லறையில் தங்கியது ஏன்? எல்லாருடைய அப்பாக்களும் தாத்தாக்களும் விளக்குக்குப் பதில் சொல்கிறார்கள், என் அப்பா மட்டும் ஏன் பேசவில்லை என்று. கோபத்தில் விளக்கைக் கசக்கிப் போடுகிறான். அப்பா பேசாததற்குக் காரணம் படம் முக்கால்வாசி போன பிறகுதான் தெரியும், அவர் சாகவே இல்லை, நினைவைப் பிடுங்கி வண்டாக மாற்றிவிட்டார்கள், கூடவே நடந்து வந்த அந்த அசட்டு வண்டுதான் ஹான்சோ. இரண்டாவது தடவை பார்க்கும்போது அந்த விளக்குக் காட்சி தொண்டையை அடைக்கும்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது சந்தேகம் முதலாவதோடு ஒட்டுகிறது. இந்தப் படத்தில் யார் யாருக்கு நினைவு போகிறது என்று பாருங்கள். கடலில் தலை அடிபட்ட அம்மாவுக்குப் பகல் முழுக்க நினைவு இல்லை. அப்பாவுக்கு மொத்தமாக இல்லை. கடைசியில் தாத்தாவுக்கு. ஒரே குடும்பத்தில் மூன்று பேர், அத்தனை பேருக்கும் நினைவாக இருப்பது கூபோ ஒருவன்தான்.

அந்தக் குகைக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், சண்டையே இல்லாத காட்சி என்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். காலையில் எழுந்து பையன் சோறு பொங்குகிறான். அம்மா கண்ணைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள், பார்வை எங்கேயோ. இவன் குச்சியால் எடுத்து ஊட்டுகிறான். முகத்தில் சலிப்பு இல்லை, பரிதாபமும் இல்லை, பழக்கப்பட்ட கை. இருட்டிய பிறகு அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வரும், அப்போது ஹான்சோ கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறான், அவள் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் மறந்து நிற்கும்போது அவனே எடுத்துக் கொடுக்கிறான். வீட்டில் நினைவு தப்பிய பெரியவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும், யாரம்மா நீ என்று அவர்கள் கேட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லவேண்டியிருக்கும். ஆக நினைவு போனவருக்கு அவருடைய கதையை எடுத்துக் கொடுப்பது கூபோவுக்குப் புதிது இல்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்த வேலை.

கடைசியில் தாத்தா ஒற்றைக் கண்ணோடு வெறும் கிழவராக நிற்கிறார், நான் யார், என் கதை எனக்கு ஞாபகம் இல்லையே என்கிறார். கூபோ தடுமாறுகிறான். அப்போது ஊர்க்காரர்கள் ஆரம்பிக்கிறார்கள், இந்த ஊரிலேயே உங்களைப் போலக் கனிவானவர் கிடையாது என்று, ஆளுக்கொன்று சேர்த்துச் சொல்கிறார்கள். இவர்கள் வீடுகளைத்தான் அவர் கொஞ்ச நேரம் முன்னால் நொறுக்கினார். பொய்தான், சந்தேகமே இல்லை, படமும் அதை மறைக்கவில்லை. ஆனால் கொல்வது சுலபமாக இருந்த இடத்தில் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இனிமேல் அந்த ஆள் அவர்கள் சொன்ன கதைப்படி வாழவேண்டியிருக்கும். அது தண்டனையா மன்னிப்பா என்று கேட்டால் இரண்டும் கலந்தது என்பேன்.

எந்த ஊர் நியாயம் என்று கேட்டீர்களே, அது ஜப்பானில் ரொம்பப் பழைய நியாயம். சுகவாரா நோ மிச்சிசானே என்று ஒருவர், கவிஞர், பெரிய படிப்பாளி, அரசவையில் உயர்ந்த பதவி. எதிரிகள் கோள் மூட்டி 901இல் தொலைதூரத்து தசாய்ஃபுவுக்கு விரட்டிவிட்டார்கள், அங்கேயே 903இல் இறந்தார். அப்புறம் தலைநகரில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கெட்டது நடந்தது, 930இல் அரண்மனையிலேயே இடி விழுந்து அதிகாரிகள் செத்தார்கள். அவருடைய கோபம்தான் இடியாக இறங்குகிறது என்று எல்லாரும் நடுங்கினார்கள். என்ன செய்தார்கள்? பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், செத்தவருக்கு. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் கித்தானோவில் கோயில் எழுப்பினார்கள். இடியாக விழுந்து ஆட்களைக் கொன்ற அந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கல்வித் தெய்வமாகிவிட்டது, இன்றைக்கும் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் அந்தக் கோயிலுக்குப் போய் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஆத்திரம் கொண்ட ஆவியை அழிக்கப் பார்க்காமல் அதற்கு நல்ல பெயரைக் கொடுத்து நல்லதாக்குவது, இதைத்தான் கூபோவின் ஊர்க்காரர்கள் உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் செய்கிறார்கள். தாத்தாவின் பெயர் ரைடன், இடிக்கும் மின்னலுக்கும் உரிய பெயர், அதுவும் பொருந்தி வருகிறது.

ஆனால் இதே நியாயத்தை வைத்தே எனக்கு ஒரு கடுப்பு உண்டு. அம்மாவின் இரண்டு சகோதரிகள், நம்ம முறைக்குச் சித்திகள், அந்த வெள்ளை முகமூடிக்காரிகள், அவர்கள் இரண்டு பேரும் தீர்க்கப்பட்டுவிடுகிறார்கள், ஒருவருக்கும் மறுவாய்ப்பு கிடையாது. அவர்களை அப்படி வளர்த்த கிழவருக்கு மட்டும் ஊர் கூடிப் புதுக் கதை கொடுக்கிறது. அம்மாவும் அவர்களோடு வளர்ந்தவள்தானே, ஹான்சோவைக் கொல்லத்தானே அனுப்பப்பட்டாள், அவள் மாறினாள் என்றால் அவர்களும் மாறியிருக்கலாமே. இதைப் படம் யோசிக்கவே இல்லை. அப்புறம் வண்டுதான் அப்பா என்று தெரிந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அவரைக் கொன்றுவிடுகிறார்கள், குரங்கு உருவில் கூட வந்தது அம்மாதான், அந்தக் குடும்பம் மூன்று பேருமாகத் தெரிந்தே ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்.

அடுத்தது பொம்மையா கம்ப்யூட்டரா. பெரும்பாலும் பொம்மை. பொம்மையை ஒரு துளி நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து, இப்படி ஒரு நொடிக்கு 24 சட்டகம். முகங்களை முப்பரிமாண அச்சில் ஆயிரக்கணக்கில் செய்து வைத்து, புருவப் பகுதி தனி, வாய்ப் பகுதி தனி என்று மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள், நடுவில் தெரியும் கோட்டைப் பிறகு கம்ப்யூட்டரில் அழிப்பார்கள். இரண்டு பகுதிகளையும் கலந்து போட்டால் கூபோ ஒருவனுக்கு மட்டும் 4 கோடியே 80 லட்சம் முகபாவம் வரும் என்று கணக்குச் சொன்னார்கள், அத்தனையும் படத்தில் வரவில்லை, பயப்படாதீர்கள். கடலும் பின்னணிக் கூட்டமும் கம்ப்யூட்டர் வேலை. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாதபடி சேர்த்ததால்தான் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம் கிடைத்தது, அனிமேஷன் படத்துக்கு அந்தப் பிரிவில் இடம் கிடைப்பது அபூர்வம். விருது கிடைக்கவில்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

ஆனால் அந்த எலும்புக்கூடு இருக்கிறதே, அது கம்ப்யூட்டர் என்றுதான் நானும் சத்தியம் செய்திருப்பேன், அது நிஜப் பொம்மை. 16 அடி உயரம், சுமார் 180 கிலோ. கூபோ பொம்மை கையில் தூக்கும் அளவுதான், அதற்குப் பொருத்தமான அளவில் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். அதன் மூலம் ஊத்தாகாவா குனியோஷி 1840களில் செய்த ஒரு மூன்று தாள் மரச்செதுக்கு ஓவியத்தில் இருக்கிறது. பாழடைந்த அரண்மனை, ஓலைத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே குனிந்து எட்டிப் பார்க்கும் ராட்சத எலும்புக்கூடு, அதை ஏவிவிடும் சூனியக்கார இளவரசி தக்கியாஷா. இவள் 940இல் கொல்லப்பட்ட கலகக்காரர் தைரா நோ மசகாதோவின் மகளாகக் கதைகளில் வருபவள். மூலக்கதையில் சாதாரண அளவு எலும்புக்கூடுகள் கூட்டமாக வருமாம், குனியோஷி அத்தனையையும் ஒன்றாக்கிப் பெரிதாக்கிவிட்டார். படத்தின் நிறங்களுக்கும், மரத்தின் ரேகை தெரிகிற மாதிரியான அந்தப் பரப்புகளுக்கும் இருபதாம் நூற்றாண்டு மரச்செதுக்குக் கலைஞர் கியோஷி சைத்தோவைப் பின்பற்றினார்கள். ஐஸு என்ற ஜப்பானியப் பகுதியைப் பனிக்காலத்தில் காட்டும் அவருடைய ஓவியங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, குரங்கும் கூபோவும் பனியில் நடக்கும் காட்சியைப் பாருங்கள், உடனே தெரியும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் குரல் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார்கள். கூபோ, குரங்கு, வண்டு, தாத்தா, சித்திகள், முக்கியமான எல்லாப் பாத்திரங்களுக்கும் வெள்ளைக்கார நடிகர்கள், ஜார்ஜ் டகேய் மாதிரி ஜப்பானிய வம்சாவளி நடிகர்களுக்கு ஊர்க்காரர் வேஷம். அப்போதே கேட்டார்கள், கேட்டது நியாயம். சார்லிஸ் தெரோன் குரங்குக்கு அருமையாகப் பேசியிருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் வீடு, விளக்கு, வாத்தியம் எல்லாம் ஜப்பானாக இருந்து வாயைத் திறந்தால் மட்டும் வேறு நாடு என்றால் இடிக்கத்தான் செய்கிறது. 6 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் 7 கோடியே 70 லட்சம் வாக்கில், தியேட்டர்காரர் பங்கு போனால் கையைக் கடிக்கும் கணக்கு. அது வேறு கதை.

பையனுக்குக் காட்டலாமா? ஏழு வயசு என்றால் காட்டலாம், ஆனால் தனியாக உட்கார வைக்காதீர்கள், ராத்திரி தூங்கும் முன்னும் வேண்டாம். எலும்புக்கூட்டுக்குப் பிள்ளைகள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, சிரிக்கக்கூடச் செய்வார்கள். பயம் சித்திகளிடம்தான். கல்லறையில் இருட்டிய பிறகு கறுப்பு அங்கி, சிரித்த முகமூடி, அசையாத உதடு, ஆனால் குரல் வருகிறது, கூபோ இங்கே வா என்று கொஞ்சுகிற குரல். அந்த இடம் வரும் முன்னாலேயே பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஏரிக்கு அடியில் கண்ணாகவே இருக்கும் அந்த ஜந்துவும் கொஞ்சம் உறுத்தும். அம்மா அப்பா இருவரும் போய்விடுகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லி வையுங்கள், நடுவில் எழுந்து கேள்வி கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள், ரெஜினா ஸ்பெக்டர் பாடும் பாட்டு அங்கேதான் வருகிறது, பழைய பீட்டில்ஸ் பாட்டுதான், ஷாமிசென் சேர்த்துப் புதிதாகப் பாடியிருக்கிறார். பையனுக்கு அடுத்த நாள் காகிதம் மடிக்க ஆசை வரும், கொஞ்சம் வண்ணக் காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.